ஆடும் பல்லின் ஆயுள்

முற்றிய ஈறுநோயைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: ஆடுகிற பல்லைப் பிடுங்கிவிடலாமா? கேட்பவர் பலரும் விடையை மனத்தில் முடிவு செய்துகொண்டுதான் கேட்கிறார்கள். எப்படியும் விழப்போகிற பல், இன்றே எடுத்துவிட்டால் வலியும் அலைச்சலும் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கு தவறு என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஈறுநோய்க்கு இன்று கைவசமிருக்கும் சிகிச்சைகளில், பல்லையே முழுதாகப் போக்கி, பின் மாற்றவே முடியாதது பிடுங்குவது ஒன்றுதான். ஆகவே அது வரிசையில் கடைசியாக வரவேண்டும். மற்ற சிகிச்சைகள் முடிந்து, ஈறு ஆறி, மறுபடி அளந்து பார்த்த பிறகே ஒரு பல்லின் விதியைத் தீர்மானிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, கடுமையான ஈறுநோய் உள்ளவர்கள் உலகில் 100 கோடிக்கும் மேல். இவ்வளவு பேருடைய வாயில் எடுக்கப்படும் முடிவு அவசரத்தில் எடுக்கப்படக் கூடாது.

பல் தாடை எலும்பில் நேரடியாகப் பதிந்திருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டருக்கும் குறைவான ஓர் இடைவெளி உண்டு. அதை நிறைத்திருக்கும் நார்களின் ஒரு முனை வேரின் மேலுள்ள மெல்லிய படலத்திலும் மறுமுனை எலும்பிலும் புதைந்திருக்கும். மெல்லும்போது விழும் அழுத்தத்தை வாங்கிக்கொள்வது இந்த நார்த்திசுதான். சோற்றில் ஒரு பொடிக்கல் அகப்பட்டால் கண நேரத்தில் தாடை நின்றுவிடுவதும் இதற்குள் ஓடும் நரம்புகளால்தான். முற்றிய ஈறுநோயில் அழிவது இந்த நாரும் அதைத் தாங்கும் எலும்பும். பல்லோ பல சமயம் ஒரு சொத்தைகூட இல்லாமல் முழுசாக இருக்கும், வேரைச் சுற்றி மண் அரித்துப்போன மரத்தைப் போல. இங்கே ஒரு முக்கியமான விஷயம் கவனத்தில் விழாமல் போய்விடுகிறது. பல் ஆடுவதற்குக் காரணம் எலும்பு இழப்பு மட்டுமே என்றில்லை. ஈறும் நாரும் அழற்சியால் வீங்கி இளகியிருப்பதும் ஒரு காரணம். ஆட்டம் கண்ட பல் எதிர்ப்பல்லோடு தப்பான கோணத்தில் மோதி, ஒவ்வொரு கடியிலும் மேலும் அசைக்கப்படுவது இன்னொரு காரணம். பின்னிரண்டும் சிகிச்சையால் தீரக்கூடியவை. வீக்கம் வடிந்து, கடி சரிசெய்யப்பட்டபின் அதே பல் குறைவாக ஆடும். முதல்நாள் விரலால் அசைத்துப் பார்த்து முடிவு செய்கிறவர், தீரக்கூடியதையும் தீராததையும் ஒன்றாகக் கூட்டிப் படிக்கிறார்.

நோய் தொடங்கும் விதம் எளியது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோவும் அவர் குழுவினரும் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்து, 1965-இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் சரியாகிவிட்டது. பல்லில் படியும் நுண்ணுயிர்ப் படலமே ஈறு வீங்கக் காரணம் என்பது உறுதியானது. ஆனால் ஈறு வீக்கம் எலும்பை அரிக்கும் நோயாக வளர்வது எல்லோருக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை. இதை உலகுக்குக் காட்டியது இலங்கை மலையகம். லோ குழுவினர் 1970-இல் தொடங்கி அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தார்கள். பிரஷ் பிடித்துத் துலக்கும் வழக்கமோ பல் மருத்துவமோ எட்டிப்பார்க்காத மக்கள் அவர்கள். ஏறத்தாழ எல்லோருடைய பல்லிலும் படலமும் அது இறுகி உண்டாகும் காரையும் படிந்திருந்தன. ஈறு முழுவதும் அழற்சி. ஆனால் விளைவு மூன்று விதமாகப் பிரிந்தது. 8 விழுக்காட்டினருக்கு நோய் வேகமாக முற்றியது. 81 விழுக்காட்டினருக்கு மிதமாக நகர்ந்தது. 11 விழுக்காட்டினருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி ஏறத்தாழ எதுவும் நடக்கவில்லை. வேகமாக முற்றியவர்கள் 35 வயதுக்குள் சராசரியாக 12 பற்களையும் 40 வயதுக்குள் 20 பற்களையும் இழந்தார்கள். 45-இல் ஒரு பல்லும் மிஞ்சவில்லை. மிதமான நோயுள்ளவர்கள் அதே 45 வயதில் இழந்தது 7 பற்கள்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைப்பவர்களில் பெரும்பான்மையினர் மலையகத் தமிழர். மருத்துவம் எட்டாத அவர்கள் வாயில் அளந்த எண்கள்தான் இன்று உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடம். அந்த எண்களைக் காட்டும்போது அவற்றின் பின்னாலிருக்கும் மனிதர்களையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

இந்த ஆய்விலிருந்து நம் வாதத்துக்கு இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, ஒரே அளவு அழுக்கு ஒரே அளவு அழிவைத் தருவதில்லை. உடலின் எதிர்வினைதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஈறுக்கும் பல்லுக்கும் இடையே ஆழமாகும் பைக்குள், காற்றில்லா இடத்தில் வாழும் பார்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற கிருமிகள் தங்கிவிடுகின்றன. அவற்றை விரட்ட வரும் நோயெதிர்ப்பு அணுக்கள் விடுக்கும் வேதிப்பொருள்களே எலும்பைக் கரைக்கும் அணுக்களையும் தூண்டிவிடுகின்றன. புகையிலையும் கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் இந்த எதிர்வினையை இன்னும் கெடுக்கின்றன. இரண்டாவது செய்தி வேகத்தைப் பற்றியது. பெரும்பான்மையான அந்த 81 விழுக்காட்டினர், எந்தச் சிகிச்சையும் இல்லாத நிலையிலும், ஆண்டுக்கு 0.05 முதல் 0.5 மில்லிமீட்டர் வரைதான் பல்லைத் தாங்கும் நாரின் பிடிப்பை இழந்தார்கள். சிகிச்சையைத் தொடங்கிவிட்டு, இறுதி முடிவுக்கு மூன்று மாதம் பொறுத்திருப்பதால் பல் கைவிட்டுப் போய்விடும் என்ற அச்சத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

பின் ஏன் பிடுங்குவது இத்தனை இயல்பான முடிவாயிற்று? ஒரு பகுதி விடை வரலாற்றில் இருக்கிறது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் ஜான் ரிக்ஸ் என்றொரு பல் மருத்துவர் இருந்தார். 1844-இல் சிரிப்பூட்டும் வாயுவின் மயக்கத்தில் சக பல் மருத்துவர் ஹோரேஸ் வெல்ஸின் பல்லை வலியின்றிப் பிடுங்கியவர் அவரே. வலியில்லாமல் பிடுங்கும் காலத்தைத் தொடங்கிவைத்த அந்தக் கைகள், பின்னாளில் ஆடும் பற்களைக் காப்பாற்றுவதில் முனைந்தன. வேரில் ஒட்டிய காரையைச் சுரண்டி எடுத்தால் ஈறு ஆறும் என்று 1876-இல் அவர் எடுத்துரைத்தார். ஆனால் அடுத்த தலைமுறையில் காற்று வேறு பக்கம் அடித்தது. 1910-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், வாயில் தேங்கும் சீழே உடலின் பல நோய்களுக்கு மூலம் என்று சாடினார். அது ஓர் அலையாயிற்று. மூட்டுவலி முதல் மனநோய் வரை எல்லாவற்றுக்கும் பற்கள் பிடுங்கப்பட்டன. நியூ ஜெர்சியில் ட்ரென்டன் மனநல மருத்துவமனையின் தலைவர் ஹென்றி காட்டன், நோயாளிகளின் பற்களை மொத்தமாக எடுத்ததோடு நிற்காமல் குடலையும் அறுத்தார், பலர் இறந்தார்கள். அந்தக் கொள்கையை மருத்துவம் பின்னர் கைவிட்டது. அது ஊட்டிய அச்சமும், ‘பயோரியா (ஈறுநோய்) வந்தால் பல் போனது போனதுதான்’ என்ற நம்பிக்கையும் மட்டும் மக்கள் மனத்தில் தங்கிவிட்டன.

நம்பிக்கைக்கு எதிரான சாட்சியம் என்ன? லியனார்ட் ஹிர்ஷ்ஃபெல்டும் பெர்னார்ட் வாஸர்மனும் 1978-இல் வெளியிட்ட ஆய்வை முதலில் வைக்க வேண்டும். ஈறுநோய்க்குச் சிகிச்சை பெற்று, அதன்பின் தொடர்ந்து பராமரிப்புக்கு வந்த 600 பேரைச் சராசரியாக 22 ஆண்டுகள் அவர்கள் கண்காணித்தார்கள். பெரும்பாலானோர் நோய் முற்றிய நிலையில் வந்தவர்கள். 22 ஆண்டு முடிவில் 83 விழுக்காட்டினர் இழந்தது மூன்று பற்களோ அதற்கும் குறைவோதான். இன்னும் கூர்மையான எண் ஒன்று உண்டு. தொடக்கத்தில் ‘தேறுவது சந்தேகம்’ என்று குறிக்கப்பட்ட பற்கள் 2,139. அவற்றில் விழுந்தவை 666. சந்தேகத்துக்குள்ளான பற்களில் மூன்றில் இரண்டுக்கும் மேல், இருபது ஆண்டுகளுக்கு மேலாக, அவரவர் வாயிலேயே நின்று மென்றுகொண்டிருந்தன. முதல்நாளே தீர்ப்பு நிறைவேற்றப்பட்டிருந்தால் அந்த ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் பற்களும் குப்பைக்குப் போயிருக்கும். 1996-இல் மக்கையர், நன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தேர்ந்த நிபுணரின் முன்கணிப்பையே சோதித்தார்கள். நல்ல பல் நல்லபடியே இருக்கும் என்ற கணிப்பு பலித்தது. மோசமான பற்களைப் பற்றிய கணிப்போ நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடப் பெரிதாகத் தேறவில்லை.

இந்தச் சாட்சியத்தின் மீது நியாயமான ஒரு மறுப்பு எழும். ஹிர்ஷ்ஃபெல்டின் 600 பேரும் இருபது ஆண்டுகள் சலிக்காமல் ஒரே மருத்துவமனைக்கு வந்தவர்கள். பாதியில் நின்றவர்கள் கணக்கில் இல்லை. அப்படியானால் இது ஈறுநோயாளிகள் எல்லோருடைய கதையாகுமா? ஆகாது. ஆனால் அந்த எண்கள் ‘எல்லோருக்கும் இப்படி நடக்கும்’ என்று சொல்லவில்லை. ‘இது நடக்கக்கூடியது’ என்று சொல்கின்றன. எலும்பு பாதி கரைந்த பல் தன்னளவில் உயிர்வாழத் தகுதியற்றது என்ற கருத்தை முறியடிக்க அதுவே போதும். பல்லின் விதி, மீந்திருக்கும் எலும்பைக் காட்டிலும், பின்னால் நடக்கும் பராமரிப்பில் அதிகம் தங்கியிருக்கிறது என்பதையும் அவை காட்டுகின்றன.

இனி சிகிச்சைக்கு வருவோம். ஐரோப்பிய ஈறுநோயியல் கூட்டமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி, சிகிச்சையைப் படிப்படியாக அமைக்கிறது. முதற்படி நோயாளியின் கையில் இருக்கிறது: சரியாகத் துலக்குவது, பல்லிடுக்குகளைச் சிறு பிரஷ்ஷால் தினமும் சுத்தம் செய்வது, புகையை விடுவது, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது. இரண்டாம் படி, ஈற்றுப்பையின் அடிவரை சென்று வேரில் ஒட்டிய காரையையும் படலத்தையும் நீக்குவது. மரத்துப்போக ஊசி போட்டு, ஒவ்வொரு பல்லாக, ஆழம் அளந்து செய்யும் இந்த வேலையையும், பல்லின் வெளிப்பரப்பை மட்டும் தேய்த்துவிடும் அரைமணி நேர ‘க்ளீனிங்’கையும் ஒன்றாக எண்ணுகிறவர்கள் பலர். ‘க்ளீனிங் செய்தபின்தான் பல் ஆட ஆரம்பித்தது, சந்து விழுந்தது’ என்ற குறையும் அடிக்கடி கேட்பதுதான். அவர்கள் பார்த்தது பொய்யில்லை, காரணம்தான் வேறு. எலும்பு கரைந்த இடத்தைக் காரையும் வீங்கிய ஈறும் அடைத்துக்கொண்டிருந்தன. காரை நீங்கி வீக்கம் வடிந்ததும், ஏற்கெனவே இருந்த சந்து வெளியே தெரிகிறது. காரை பற்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருந்தால், அது போனதும் சில நாள் ஆட்டம் கூடியதுபோலத் தோன்றும். ஆனால் அந்தப் பிணைப்பு எலும்பைத் தின்றுகொண்டே தாங்கிய பிணைப்பு. சிகிச்சைக்கு முன்பே மருத்துவர் இதை எடுத்துச் சொல்லியிருந்தால் பாதிப்பேர் பயந்து ஓடியிருக்க மாட்டார்கள்.

ஆரோக்கியமான ஈற்றின் இடுக்கு 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். நோய் முற்றியவர்களிடம் 6, 7, சில இடங்களில் 10 மில்லிமீட்டர்கூட அளக்கப்படுகிறது. அறுவை எதுவும் இல்லாமல், வேரைச் சுத்தம் செய்வதால் மட்டும் என்ன கிடைக்கும் என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் பார்த்தார்கள். ஆறு முதல் எட்டு மாதத்தில் சராசரியாக 1.7 மில்லிமீட்டர் ஆழம் குறைந்தது. நான்கில் மூன்று பைகள், அதாவது 74 விழுக்காடு, நோயற்ற அளவுக்கு மூடிக்கொண்டன. இதனால்தான் மறுமதிப்பீடு என்ற கட்டத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம். முதல்நாள் அட்டையில் அச்சமூட்டிய எண்களில் பெரும்பகுதி, சில மாதம் கழித்து அளக்கும்போது அங்கே இருப்பதில்லை. மிஞ்சி நிற்கும் ஆழமான பைகளுக்கே, 6 மில்லிமீட்டருக்குக் குறையாதவற்றுக்கே, மூன்றாம் படியான அறுவை. ஈற்றை மடல்போல விலக்கி, கண்ணால் பார்த்துக்கொண்டே வேரைச் சுத்தம் செய்து மீண்டும் தைக்கும் ‘ஃபிளாப்’ அறுவை இதில் வழக்கமானது. இரண்டு, மூன்று வேருள்ள கடைவாய்ப் பற்களில், வேர்கள் பிரியும் கவட்டில் எலும்பு கரைந்திருந்தால் வேலை கடினமாகிறது. கருவியும் எளிதில் நுழையாது, பிரஷ்ஷும் நுழையாது. அங்கே கெட்டுப்போன ஒரு வேரை மட்டும் வெட்டி எடுத்து மற்றதை வைத்துக்கொள்வதும், கவட்டைத் திறந்துவிட்டுச் சிறு பிரஷ் போகும்படி செய்வதும் வழிகள். கவட்டில் எலும்பு போனது மட்டுமே பல்லைப் பிடுங்கக் காரணமாகாது என்று அந்த வழிகாட்டி வெளிப்படையாகவே சொல்கிறது.

இழந்த நாரையும் எலும்பையும் திரும்ப வளர்க்க முடியுமா? ஒரு காலத்தில் முடியாது என்றுதான் நினைத்தார்கள். 1976-இல் மெல்ச்சர் என்ற ஆய்வாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். சுத்தம் செய்த வேரின் மேல் எந்த அணு முதலில் வந்து குடியேறுகிறதோ அதைப் பொறுத்தே ஆறும் விதம் அமையும். எல்லாவற்றிலும் வேகமாக நகர்வது ஈற்றின் மேல்தோல் அணு. அது முந்திக்கொண்டு வேரை மூடிவிடுவதால்தான் புதிய நார் உருவாவதில்லை. அப்படியென்றால் மேல்தோலைத் தடுத்து நிறுத்தி, மெதுவாக வரும் நார்த்திசு அணுக்களுக்கு இடம் விட்டால்? 1982-இல் சுவீடனின் நைமன் குழுவினர், நோயுற்ற ஒரு கீழ் முன்பல்லில் ஈற்றுக்கும் வேருக்கும் நடுவே மெல்லிய வடிதாளை வைத்துத் தைத்தார்கள். பிறகு நுண்ணோக்கியில் பார்த்தபோது, நார்கள் பதியும் வேர்ப்படலம் புதிதாக உருவாகி, அதில் புதைந்த புதிய நார்களும் இருந்தன. மனித வாயில் இழந்த பிடிப்பு மீண்டும் வளரும் என்பதற்கு அது முக்கியமான தொடக்கச் சான்று. இன்று கரையும் சவ்வுகள், எலும்புத் துகள்கள், பன்றிக்குட்டியின் முளைக்கும் பல்லிலிருந்து எடுக்கும் புரதக் களிம்பு என்று பல வழிகள் இருக்கின்றன. இவை எல்லா இடத்திலும் பலிக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பல்லின் ஓரமாக எலும்பு குழிபோல ஆழமாகவும் குறுகலாகவும் கரைந்திருந்தால் பலன் நன்றாக இருக்கும். தாடை முழுதும் ஒரே மட்டமாக எலும்பு தாழ்ந்துவிட்டவருக்கு, மேலே வளர்த்தெடுக்கும் நம்பகமான வழி இன்றும் இல்லை. அவருக்குச் செய்யக்கூடியது, மீந்திருப்பதை அப்படியே நிறுத்திவைப்பது. பாதி எலும்பில் நிற்கும் பல்லும் அழற்சி இல்லாவிட்டால் நெடுங்காலம் நிற்கும்.

இந்த மறுவளர்ப்பு முறையின் எல்லையைச் சோதித்தது இத்தாலியின் கார்டெல்லினி குழுவினர் நடத்திய ஆய்வு. வேர்நுனி வரை பிடிப்பை இழந்த, எந்தப் புத்தகத்தின்படியும் ‘நம்பிக்கையற்ற’ பல் உள்ள 50 பேரை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் 25 பேருக்குப் பல்லைக் காக்கும் மறுவளர்ப்பு அறுவை. மற்ற 25 பேருக்குப் பல்லைப் பிடுங்கி இம்ப்ளான்ட் அல்லது பிரிட்ஜ். ஐந்து ஆண்டுகள் கழித்து, காக்க முயன்ற 25 பற்களில் 23 வாயில் இருந்தன. பத்தாண்டு முடிவு 2020-இல் வெளியானது: காத்த பற்களில் 88 விழுக்காடு நிலைத்தன, பிடுங்கி மாற்றியவற்றில் 100 விழுக்காடும் நிலைத்தன. இந்த எண்ணைக் காட்டி, ‘பார்த்தீர்களா, மாற்றுப்பல்லே மேல்’ என்று வாதிடுவோர் உண்டு. அந்த மறுப்பை எளிதாக ஒதுக்க முடியாது. நூறு எண்பத்தெட்டைவிடப் பெரிதுதான். ஆனால் ஒப்பிடப்படுவது எது என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் இருப்பவை வாயிலேயே மிக மோசமான பற்கள். சாதாரணமாக ஆடும் பல்லின் நிலை இவற்றைவிட எவ்வளவோ மேல். மறுபக்கம் இருப்பவை புத்தம்புதிய இம்ப்ளான்ட்டும் பிரிட்ஜும். அப்படியிருந்தும் பத்தில் ஒன்பதுக்கு நெருக்கமாகப் பற்கள் நின்றன. பத்தாண்டு மொத்தச் செலவும் பல்லைக் காத்தவர்களுக்கே குறைவு. காக்க முயன்று தோற்றவருக்குப் பிறகும் மாற்றுப்பல் என்ற வழி திறந்திருக்கிறது. முதலிலேயே பிடுங்கியவருக்குத் திரும்பும் வழி எதுவும் இல்லை. இந்த 88 விழுக்காடு மிகத் தேர்ந்த கைகளில், ஒத்துழைக்கும் நோயாளிகளிடம் கிடைத்த வெற்றி என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எந்தத் தெருமுனை மருத்துவமனையிலும் இதே எண்ணை எதிர்பார்க்க முடியாது.

இம்ப்ளான்ட்டைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. சுவீடனில் பிரோனெமார்க் 1965-இல் முதல் நோயாளியின் தாடையில் டைட்டேனியத் திருகைப் பொருத்தியது பல் மருத்துவத்தின் பெரிய சாதனைகளில் ஒன்று. அந்த நோயாளி இறக்கும்வரை நாற்பது ஆண்டுகள் அது உழைத்தது. இல்லாத பல்லுக்கு அதைவிட நல்ல மாற்று இன்று இல்லை. இருக்கும் பல்லுக்கு அது மாற்றா என்பதுதான் கேள்வி. டைட்டேனியத்தைச் சுற்றி அந்த நார்த்திசு கிடையாது. எலும்போடு நேரே இறுகி நிற்கிறது. ஆகவே அதிர்வைத் தாங்கும் நெகிழ்வும் பொடிக்கல்லை அறியும் கூருணர்வும் அதற்கு இல்லை. அதைவிட முக்கியமானது, இம்ப்ளான்ட்டுக்குச் சொத்தை வராதே தவிர ஈறுநோய் வரும். 2016-இல் வெளியான சுவீடன் ஆய்வில், பொருத்திச் சுமார் 9 ஆண்டுகள் ஆனவர்களில் 14.5 விழுக்காட்டினருக்கு இம்ப்ளான்ட்டைச் சுற்றி மிதமான அல்லது கடுமையான எலும்பு அரிப்பு நோய் இருந்தது. ஏற்கெனவே ஈறுநோய் உள்ளவர்களிடம் அந்த வாய்ப்பு பல மடங்கு கூடுதல். எந்த வாய் தன் பல்லை ஈறுநோய்க்குப் பறிகொடுத்ததோ அந்த வாயில்தான் இம்ப்ளான்ட்டும் நிற்க வேண்டியிருக்கிறது. நோயை அடக்காமல் பல்லை மாற்றுவது, அடுத்த இழப்புக்குத் தேதி குறிப்பதே.

பல்லைக் காக்கிறேன் என்று சீழோடு வைத்திருந்தால் உடல் கெடாதா என்பது இன்னொரு மறுப்பு. ஹன்டரின் கொள்கை மிகையானாலும், ஈறுநோய்க்கும் உடலுக்கும் தொடர்பே இல்லை என்று இன்று யாரும் சொல்வதில்லை. குறிப்பாகச் சர்க்கரை நோயோடு உள்ள தொடர்பு இருவழிப்பட்டது. ஈறுநோய்க்குச் சிகிச்சை செய்தால், மூன்று நான்கு மாதத்தில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு ஏறத்தாழ 0.4 புள்ளி குறைகிறது என்று 2022-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு காட்டியது. ஆனால் அந்த நன்மையைத் தந்தது அழற்சியை அடக்கும் சிகிச்சை. பல்லை வைத்துக்கொண்டே அழற்சியை அடக்க முடிகிறபோது, உடல்நலத்தைச் சொல்லிப் பல்லை எடுக்க வேண்டியதில்லை. சிகிச்சையே இல்லாமல் ஆடும் பல்லோடு ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளுவதை இந்த வாதம் ஆதரிக்கவில்லை என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

பிடுங்கியே ஆகவேண்டிய பற்களும் உண்டு. மேலும் கீழுமாக அமுங்கி எழும்பும் பல், வேர் நெடுக விரிசல் விட்ட பல், எல்லாச் சிகிச்சைக்குப் பின்னும் மீண்டும் மீண்டும் சீழ் கட்டிப் பக்கத்துப் பல்லின் எலும்பையும் இழுத்துக்கொண்டு போகும் பல், இவற்றைத் தாமதிக்காமல் எடுப்பதே நல்லது. பல மருந்துகளோடு படுத்த படுக்கையாக இருக்கும் முதியவருக்கு நீண்ட அறுவைகளைத் திணிப்பதும் முறையில்லை. மறுபுறம், லேசர் ஒன்றே எல்லாவற்றையும் சரிசெய்யும் என்ற விளம்பரத்துக்கு ஆதாரம் போதவில்லை. வழக்கமான வேர்ச் சுத்தத்தோடு லேசரைச் சேர்ப்பதை ஐரோப்பிய வழிகாட்டி பரிந்துரைக்கவில்லை. ஆன்டிபயாடிக் மாத்திரையை எல்லோருக்கும் கொடுப்பதையும் அது ஏற்பதில்லை; இளவயதிலேயே நோய் பரவலாக முற்றியவர்கள் போன்ற சிலருக்கு மட்டுமே அது பொருந்தும். படலத்தைச் சுரண்டி எடுக்காமல் மாத்திரை மட்டும் விழுங்குவதால் பல் தேறாது.

எஞ்சுவது மிகக் கனமான மறுப்பு: பராமரிப்பு. அறுவை செய்தபின் வாயைச் சுத்தமாக வைக்காதவர்களுக்கு என்ன ஆகும் என்று நைமன், லிண்டே குழுவினர் 1977-இல் காட்டினார்கள். எந்த வகை அறுவையானாலும் பை திரும்ப வந்தது; பிடிப்பு மேலும் குறைந்தது. அமெரிக்காவின் பெக்கர் குழுவினர் மூன்று வகையினரை அளந்தார்கள். சிகிச்சையே பெறாதவர் ஆண்டுக்குச் சராசரி 0.36 பல்லை இழந்தார். சிகிச்சை பெற்றுப் பராமரிப்புக்கு வராதவர் 0.22, பராமரிப்புக்கும் வந்தவர் 0.11. பத்தாண்டில் மூன்றரைப் பல், இரண்டு பல், ஒரு பல் என்று வைத்துக்கொள்ளலாம். நம்மூரில் மூன்று மாதம் அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வலி இல்லாதபோதும், கூலியை விட்டுவிட்டு யார் பல் மருத்துவரிடம் போவார்கள்? இது உண்மையான தடை. ஆனால் இது பல்லின் குறையில்லை. மருத்துவம் எட்டாத குறை. அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஈறுநோய்க்கென்றே தனித் துறை உண்டு. இங்கே பேசிய சிகிச்சைகள் பலவும் பெரும் செலவில்லாமல் அங்கே கிடைக்கும். பராமரிப்பின் பெரும்பங்கு, தினமும் இரவில் பல்லிடுக்கில் நுழையும் ஒரு சிறு பிரஷ்ஷில் இருக்கிறது. அதன் விலை ஓர் இம்ப்ளான்ட்டின் விலைக்கு அருகில்கூட வராது. வர முடியாதவருக்குப் பிடுங்குவதுதான் சரி என்று மருத்துவர் முன்கூட்டியே முடிவு செய்வது, ஏழையின் பல்லுக்கு ஒரு நியாயம், பணக்காரர் பல்லுக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிடும். அவரிடம் வழிகளை எல்லாம் சொல்லி, எந்தப் பற்களை அவரால் காக்க முடியும் என்று அவரோடு சேர்ந்து தீர்மானிப்பதே முறை.

அதற்கு நோயாளியின் கையில் எண்கள் இருக்க வேண்டும். ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் அளந்த ஆழம், தொட்டால் ரத்தம் வரும் இடங்கள், ஆட்டத்தின் அளவு ஆகியவற்றை முதல்நாளே எழுதித் தரச் சொல்லிக் கேட்பது நோயாளியின் உரிமை. வேர்ச் சுத்தம் முடிந்து மூன்று மாதம் கழித்து அதே இடங்களை மறுபடி அளக்க வேண்டும். 7 என்றிருந்தது 4 ஆகி, ரத்தக்கசிவும் நின்றிருந்தால் அந்தப் பல்லுக்குப் பராமரிப்பு போதும். 8 என்றிருந்தது 7-லேயே நின்றால் அறுவையைப் பற்றிப் பேசலாம். எக்ஸ்ரேயில் குழி குறுகலாகத் தெரிந்தால் மறுவளர்ப்பைப் பற்றியும் கேட்கலாம். அறுவைக்குப் பின்னும் சீழ் நிற்கவில்லை, ஆட்டம் கூடுகிறது என்றால், அப்போது பிடுங்குவதைப் பற்றிப் பேசலாம்.